பாராடாங் சுண்ணாம்புக் குகை: கான்வாயைத் தவறவிடாமல் ஒரே நாளில் போய்வர

குகைக்குள் நிற்கப்போவது மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். அதற்காகப் படுக்கையை விட்டு எழுவது அதிகாலை 3 மணிக்கு முன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது மாலை 4 மணி. அந்தமானின் பாராடாங் தீவுக் குகையைப் பார்த்து வந்தவர்களில் 'இதற்கா இவ்வளவு அலைச்சல்?' என்பவர்களும் உண்டு, 'அந்தமானில் பார்த்ததிலேயே இதுதான்' என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் பார்த்தது ஒரே குகைதான். எந்தக் கான்வாயில் (போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் வண்டிக் கூட்டம்) போனார்கள், எத்தனை மணிக்குப் படகேறினார்கள், கையில் டார்ச் இருந்ததா, காலில் என்ன போட்டிருந்தார்கள் என்பதில்தான் நாள் நன்றாக அமைவதும் கெடுவதும்.

பாராடாங், போர்ட் பிளேருக்கு வடக்கே சாலை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். (2024 முதல் ஊரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். டிரைவரிடம் பழைய பெயரைச் சொன்னாலே போதும்.) பயணத்தில் ஐந்து துண்டுகள் இருக்கின்றன: போர்ட் பிளேரிலிருந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை கார், அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை போலீஸ் காவலோடு கான்வாய், கடல் கால்வாயைத் தாண்ட பெர்ரி, பிறகு சிறு படகு, கடைசியில் காட்டுக்குள் நடை. ஒரு துண்டில் அரை மணி நேரம் பிசகினால் அடுத்ததில் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

எந்த நாளில் வைப்பது

குகை வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். விமான டிக்கெட் போட்டுவிட்டு இதைக் கடைசியில் கவனிப்பவர்கள்தான் அதிகம். ஐந்து நாள் பயணமென்றால் முதலில் பாராடாங் நாளைக் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

வந்து இறங்கிய மறுநாளே வைத்தால் உடம்புக்குக் கஷ்டம்; சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், முந்தைய இரவே தூக்கம் கெட்டிருக்கும். கிளம்பும் நாளில் வைக்கவே கூடாது. பெர்ரி பழுதானால், மழை வலுத்தால் விமானம் காத்திருக்காது. ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு) போய்த் திரும்பிய பிறகு, ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய நாள் என்பது நல்ல கணக்கு. ஒருவேளை ரத்தானால் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏற்ற காலம். மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. நடைபாதை சேறாகிவிடும், காற்று வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் அந்த நாட்களிலும் அதே கதைதான்.

இன்னொரு கணக்கு வெளிச்சம். கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் மட்டும் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். 'மூணு மணிக்குக் கிளம்பினாலும் வெளிச்சம் இருக்கும்' என்ற நம்மூர்க் கணக்கு அங்கே பலிக்காது.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

வண்டி பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். கார் வாடகை, பெர்ரி டிக்கெட், படகு, வனத்துறை அனுமதி, சேற்று எரிமலைக்கான (சேறு கக்கும் மேடு) ஜீப், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எது உள்ளே எது வெளியே என்று கேளுங்கள். 'எல்லாம் அடங்கும்' என்ற பேச்சில் பெரும்பாலும் படகு அடங்கியிருக்காது. தமிழிலேயே பேரம் பேசலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி, வண்டி ஓட்டுபவர்களிலும் நம் ஆட்கள் நிறைய.

சோதனைச் சாவடியில் வண்டியில் இருக்கும் எல்லோருடைய பெயர், வயது, முகவரி எழுதிய படிவம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் டிரைவரே எழுதிக் கொடுத்துவிடுவார், ஆனால் அடையாள அட்டையின் நகல் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கு 2 நகல், கூடவே அசல். குழந்தைக்கும் சேர்த்துத்தான். அதிகாலை 4 மணிக்கு ஜெராக்ஸ் கடை தேட முடியாது, கைப்பேசியில் இருக்கும் படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நம்பி வரிசையை விட்டு விலகி நின்ற வண்டிகள் ஏராளம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால் அதை முன்கூட்டியே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடகை ஸ்கூட்டரில் போய்வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தனியாளாக, குறைந்த செலவில் போக வேண்டுமானால் போர்ட் பிளேர் பேருந்து நிலையத்திலிருந்து ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் பக்கம் போகும் பேருந்துகள் இதே கான்வாயில்தான் செல்கின்றன, பாராடாங்கில் இறங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது வடக்கிலிருந்து நிறைந்து வரும் பேருந்தில் இடம் கிடைப்பதுதான் சிக்கல். ஒரு இரவு தங்கும் திட்டம் இருப்பவர்களுக்கே அது சரிப்படும்.

3.30 மணி: கிளம்புவது

ஒரு நாளில் நான்கு கான்வாய். வழக்கமாக ஜிர்காடாங்கிலிருந்து காலை 6, 9, நண்பகல் 12, பிறகு பிற்பகல் 2.30 மணியை ஒட்டி. மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து திரும்பும் கடைசிக் கான்வாய் பிற்பகல் 3 மணி வாக்கில். நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே முந்தைய மாலை டிரைவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுற்றுலா வந்தவருக்கு 6 மணிக் கான்வாய்தான் உண்மையில் உருப்படியானது. 9 மணிக்குப் போனால் மிடில் ஸ்ட்ரெய்ட் சேர 11 ஆகிவிடும். பெர்ரி, படகு, நடை எல்லாம் போக வர முடித்து 3 மணிக்குள் வரிசையில் நிற்க ஓட வேண்டியிருக்கும். குகைக்குள் டிரைவரின் போன் வராது, ஆனால் மனசில் அது அடித்துக்கொண்டே இருக்கும். 12 மணிக் கான்வாயில் போய் அன்றே திரும்ப வழியே இல்லை.

ஜிர்காடாங் போர்ட் பிளேரிலிருந்து 45 கிலோமீட்டர் அளவில்தான். 'ஒன்றரை மணி நேரம் போதுமே, 4.30க்குக் கிளம்பலாம்' என்று தோன்றும். தவறு இங்கேதான் தொடங்குகிறது. சாவடியில் வண்டிகள் வந்த வரிசைப்படி நிற்கின்றன. காட்டுக்குள் முந்திச் செல்ல அனுமதி இல்லை. வரிசையில் 20ஆவதாக நின்றவர் மிடில் ஸ்ட்ரெய்ட்டிலும் முன்வரிசையில் இறங்கி முதல் பெர்ரியில் ஏறிவிடுவார். 120ஆவதாக நின்றவர் அடுத்த பெர்ரிக்கு நிற்பார், அதன்பின் படகுக்கும் நிற்பார். அதிகாலை தூங்கிய 40 நிமிடத்தைப் படகுத்துறையில் (ஜெட்டி) வெயிலில் நின்று கழிக்க வேண்டும்.

எனவே 3.30க்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும். வளைந்து வளைந்து போகும் சாலை. வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. சாவடியில் டீயும் பலகாரமும் கிடைக்கும். கழிப்பறையும் அங்கேயே. கான்வாய் நகர்ந்த பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யாருக்காகவும் எதற்காகவும் வண்டி நிற்காது, சிறு குழந்தையோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்து டீயை அளவோடு குடிக்கட்டும்.

கான்வாய் போகும் காடு யாருடையது

இந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. சில நூறு பேரே உள்ள வேட்டைச் சமூகம். 1990களின் இறுதி வரை வெளியாரை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள். அவர்கள் வெளியே வரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணச் சளியாக வந்து போகும் கிருமிக்கும் அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. காப்புக்காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி 2002ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்றும் திறந்திருக்கிறது. 2012இல், உணவுக்காக அந்தப் பெண்களை ஆடவைக்கும் காணொளி ஒன்று வெளிவந்து உலகமே காறித்துப்பிய பிறகுதான் கெடுபிடி கூடியது.

ஆகவே குகை பார்க்கப் போகிறவர் மனசாட்சிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தச் சாலையில் போகவே மாட்டேன் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அது மதிக்கத்தக்க முடிவு. போவதென்றால் கீழே உள்ளவற்றில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

கைப்பேசி, கேமரா இரண்டும் பைக்குள், பை காலடியில். மடியில் வைத்திருந்தால்கூடக் காவலர் கேள்வி கேட்பார். கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்க வேண்டும். வாழைப்பழம், பிஸ்கட், வெற்றிலை, துணி எதையும் கொடுக்கவோ வீசவோ கூடாது. கைகாட்ட வேண்டாம், கூப்பிட வேண்டாம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இவற்றை மீறினால் சிறைத்தண்டனை வரை போகும், டிரைவரின் பிழைப்பும் போகும்.

'ஜாரவா பார்க்கலாம் சார்' என்று விற்கும் ஏஜென்ட் கிடைத்தால், அந்த இடத்திலேயே வேறு ஆளைத் தேடுங்கள்.

மிடில் ஸ்ட்ரெய்ட்: பெர்ரியும் படகும்

காட்டைக் கடந்து ஜெட்டி சேரும்போது 8 மணியை ஒட்டியிருக்கும். எதிர்க்கரை நிலம்பூர் ஜெட்டி, அதுதான் பாராடாங். கார், பேருந்து, ஆள் எல்லாம் ஏறும் தட்டையான பெரிய பெர்ரி. கடக்கச் சில நிமிடங்கள்தான், ஏற்றி இறக்கத்தான் நேரம். பல டிரைவர்கள் காரை இந்தக் கரையிலேயே விட்டுவிட்டு உங்களை மட்டும் அனுப்புவார்கள். குகைக்கு மட்டும் போகிறவர்களுக்கு அதுவே நல்லது. திரும்பும்போது பெர்ரியில் வண்டிக்கு இடம் தேட வேண்டாம். எங்கே வந்து நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு என்பதை இறங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். சிக்னலை நம்ப முடியாது. பணமும் சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

படகுக்குப் பெயர் பதிந்து, வனத்துறை அனுமதி வாங்கி (படகுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்), லைஃப் ஜாக்கெட் மாட்டியபின் ஏறலாம். சுமார் 10 பேர் உட்காரும் ஃபைபர் படகு, வெளி எஞ்சின். ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் இறுக்கி மாட்டுங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் தளர்வு என்று அர்த்தம். குழந்தைக்குப் பெரியவர்கள் அளவைக் கட்டிவிடுவார்கள், சின்னது கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் அலையில் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்கள் பின்பக்கம் உட்காரட்டும்.

முதல் 20 நிமிடம் அகன்ற கடல் கால்வாயில் விரைவாகப் போகும். பிறகு படகு ஓர் ஓடைக்குள் திரும்பும். எஞ்சின் சத்தம் இறங்கும். இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குப் பழகிய மரங்கள்தான், ஆனால் இங்கே ஓடை குறுகக் குறுக மேலே கிளைகள் கோத்துக்கொண்டு பந்தலாகிவிடும். படகுக்காரர் 'தலை, தலை' என்பார், குனிய வேண்டும். தண்ணீரில் கையை அளையத் தோன்றும் இடம் இதுதான். அளைய வேண்டாம். இந்த ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு.

கடல் வற்றியிருக்கும் நேரமானால் படகு நிதானமாகப் போகும், நயாடேரா இறங்குதளத்தில் கீழ்ப்படிகள் வெளியே தெரியும். பாசி படிந்த படிகள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுவதைவிடக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொருவராக ஏறுவது பாதுகாப்பு. இறங்கியதும் உங்கள் படகின் பெயரையோ எண்ணையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஒரே மாதிரி பத்துப் படகு நிற்கும்.

நடை

ஒரு வழிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள். நடுவே சில வீடுகளும் கொஞ்சம் வயலும் வரும். சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் பாராடாங்கில் அதிகம். தீவுக்காரர்கள் அவர்களை 'ராஞ்சி' என்பார்கள். வழியில் எலுமிச்சைச் சாறு விற்பார்கள். போகும்போது வேண்டாம், வரும்போது குடியுங்கள். அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

பாதையில் வேர், கல், சின்ன ஏற்ற இறக்கம். தூரத்தைவிட ஈரப்பதம்தான் ஆளைச் சாய்க்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பின்பட்டை உள்ள, அடியில் பிடிப்புள்ள செருப்பு அல்லது நனைந்தாலும் பரவாயில்லாத ஷூ. ஹவாய் செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டு வார் அறுந்துவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மெதுவாக நடந்து வந்துவிடலாம், ஆனால் குகைத் தரை வேறு சமாசாரம். அவர்கள் வாசல் வரை வந்து உட்கார்ந்துகொள்வதில் குறையொன்றுமில்லை. கைக்குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் தூளிப்பையில் கொண்டு வாருங்கள், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

குகைக்குள்

வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக நேரம் வேண்டும். முதல் பகுதியில் வெளிச்சம் வரும். போகப் போக இருளும், அகலம் குறையும், தரை ஈரமாகி மேடுபள்ளமாகும். மின்விளக்கு இல்லை. படகுக்காரரோ வழிகாட்டியோ ஒரு டார்ச் வைத்திருப்பார், ஆனால் 10 பேருக்கு ஒரு டார்ச் என்றால் முன்னால் நிற்கும் மூன்று பேருக்குத்தான் குகை. தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று கொண்டு வந்தால் நாளின் பயன் இரட்டிப்பாகும்.

வழிகாட்டி வெளிச்சம் அடித்து 'இது பிள்ளையார், இது யானை, இது தாமரை' என்று காட்டிக்கொண்டே போவார். அதையும் பாருங்கள். ஆனால் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல்விழுதின் நுனியைத் தேடி டார்ச்சை அதிலேயே நிறுத்துங்கள். நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். அசையாது. சில சமயம் ஒரு நிமிடம்கூட விழாது. மேலே காட்டு மண்ணில் இறங்கிய மழைநீர், அழுகும் இலைகளுக்கிடையே இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு கசிந்து வந்த துளி அது. குகைக் காற்றில் அந்த வாயு வெளியேறும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு நூலிழை அளவு நுனியில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் கீழே விழுந்த இடத்தில் படிகிறது. மேலிருந்து கல்விழுது, கீழிருந்து கல்முளை, இரண்டும் தொட்டுக்கொண்டால் தூண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. அந்தக் கணக்கில் உள்ளங்கை அகலம் நீளும் விழுதுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு.

தொடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதில்தான். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் பட்டால் தண்ணீர் அங்கே ஒட்டாமல் நழுவும், சுண்ணாம்பு படியாது, அந்த இடம் கறுத்து நின்றுவிடும். பாதையோரம் கை எட்டும் உயரத்தில் இருப்பவை மட்டும் மங்கிப் பளபளப்பாக இருந்தால், அது எத்தனையோ உள்ளங்கைகளின் வேலை. மேலே எட்டாத உயரத்தில் இருப்பவற்றின் வெண்மையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படம் எடுக்க: ஏசி காரிலிருந்து எடுத்துவந்த கேமரா லென்ஸ் ஈரக்காற்றில் பனிபூத்துவிடும், ஆகவே படகிலேயே பையைத் திறந்து வைத்துப் பழக்குங்கள். ஃபிளாஷ் அடித்தால் பாறை சுண்ணாம்படித்த சுவர் மாதிரி தட்டையாக வரும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கூட இருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். மேடுபள்ளம் எழுந்து நிற்கும். மெல்லிய திரை போலத் தொங்கும் படிவம் தென்பட்டால் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள், கல்லே ஊடுருவி ஒளிரும்.

குறுகலான இடத்தில் எதிரே ஒரு கூட்டம் வந்தால் அவர்களை வரவிட்டு நீங்கள் போங்கள். நெருக்கித் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் வழுக்கி விழுவதும், பிடிமானத்துக்குக் கல்விழுதைப் பற்றுவதும் நடக்கிறது. மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள் வெளிச்சம் இருக்கும் பகுதியோடு திரும்பிவிடலாம். அழகில் பாதி அங்கேயே இருக்கிறது.

திரும்பும் கணக்கு

10 மணியளவில் குகைக்குள் நுழைந்தால் 11.30 வாக்கில் படகில் இருப்பீர்கள், 12 மணிக்கு நிலம்பூர் ஜெட்டி. பெர்ரி உடனே கிடைத்தால் 12.30 மணிக் கான்வாயைப் பிடித்து, போர்ட் பிளேரில் 4 மணிக்குள். அது தவறினால் 3 மணிக் கான்வாய்தான். அந்த இடைவெளியில் ஜெட்டிப் பக்கம் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்போடு சோறு சாப்பிடலாம். ஜீப் பிடித்துச் சேற்று எரிமலையையும் பார்க்கலாம். எரிமலை என்ற பெயரைக் கேட்டுத் தீக்குழம்பை எதிர்பார்க்காதீர்கள்: குளிர்ந்த சாம்பல் நிறச் சேறு, அதில் அவ்வப்போது ஒரு வாயுக்குமிழ். குகைக்கே நேரம் போதாதவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம்.

மாலையில் கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்தடையும் கிளித்தீவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குப் பொழுது சாயும் வரை அங்கே இருக்க வேண்டும், அதாவது கடைசிக் கான்வாய் போன பிறகு. பாராடாங்கில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு மட்டும். அறைகள் குறைவு, முன்பதிவு செய்யாமல் போகக்கூடாது. அப்படித் தங்கினால் மறுநாள் முதல் படகிலேயே குகைக்குப் போய்விடலாம், 6 மணிக் கான்வாய்க் கூட்டம் வந்து சேருவதற்கு முன்.